ஊசி வழியும் நாசி வழியும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்திலே, ஹூரான் என்னும் நதியின் கரையில், ஆன் ஆர்பர் என்றொரு ஊர் இருக்கிறது. பெரிய நகரமன்று, அதன் பெருமையெல்லாம் அங்குள்ள சர்வகலாசாலையால் வந்தது. இன்புளுயென்சா என்னும் விஷக்காய்ச்சலைத் தடுக்க மனிதன் கண்ட இரண்டு உபாயங்களுள், கிருமியைக் கொன்று அதன் சடலத்தை ஊசி வழியே உடலுக்குள் செலுத்தும் உபாயம் இந்த ஊரிலே உருப்பெற்றது. கிருமியை உயிரோடு வைத்துக்கொண்டே அதன் கொடுமையை மட்டும் அடக்கி நாசி வழியே தெளிக்கும் உபாயமும், அமெரிக்காவைப் பொறுத்தவரையில், அதே ஊரிலே, அதே ஆசிரிய பரம்பரையிலே வளர்ந்தது. இவ்விரண்டில் எது மேலானது என்ற வழக்கை விசாரித்த பரீட்சைகளில் முக்கியமான சில நடைபெற்றதும் அவ்வூரிலேதான். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இருவர் பிறந்த வீட்டிலேயே நியாயம் கேட்டு நின்ற இந்தச் சரித்திரத்தைத் தமிழ் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல நெடுநாளாக எனக்கு ஆசை. ஏனெனில் மருந்தைப் பற்றி மட்டுமின்றி, மருந்தின் பலத்தை அளக்க நாம் கையிலெடுக்கும் அளவுகோலைப் பற்றியும் அது ஓர் அரிய பாடத்தைப் போதிக்கிறது.

1918-ஆம் ஆண்டின் மகா கொள்ளைநோயில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். நோயின் காரணம் என்று அந்நாளைய வைத்தியர்களில் பலர் நம்பியிருந்தது, ஜெர்மானிய சாஸ்திரக்ஞர் ரிச்சர்ட் பைபர் 1892-இல் நோயாளிகளின் சளியில் கண்டு சொன்ன ஒரு பாக்டீரியாவை. அதைக் கொண்டு அவசரம் அவசரமாகத் தடுப்பு மருந்துகள் தயாரித்து ஆயிரக்கணக்கானோருக்குக் குத்தினார்கள். கள்வன் வெளியே திரிய, அவன் போன வழியில் நின்றவனைப் பிடித்துக் கட்டியது போன்ற காரியம் அது. உண்மையான குற்றவாளி, அந்நாளைய உருப்பெருக்கிக் கண்ணாடிக்குப் புலப்படாத அத்தனை நுண்ணிய ஒரு வைரஸ் என்பது, லண்டனைச் சேர்ந்த ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த தேசிய வைத்திய ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா என்னும் மூவர் 1933-இல் செய்த சோதனைகளால் நிரூபணமாயிற்று. கீரியை ஒத்த பெரெட் என்னும் சிறு பிராணி, மனிதனுடைய தொண்டை கழுவிய நீரை மூக்கில் ஏற்றுக்கொண்டு, மனிதனைப் போலவே தும்மிக் காய்ச்சலில் படுத்தது. மூன்று வருஷம் கழித்து, அத்தகைய பெரெட் ஒன்று ஸ்டூவர்ட்-ஹாரிஸ் என்ற இளம் வைத்தியரின் முகத்தில் தும்ம, அவரும் காய்ச்சலில் விழ, அவர் தொண்டையிலிருந்து அதே கிருமி மீண்டும் எடுக்கப்பட்டது. அது மனிதனிடமிருந்து பிராணிக்கும், பிராணியிடமிருந்து மனிதனுக்கும் செல்லும் என்பதில் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை.

கிருமி கைக்கு அகப்பட்டவுடன், அதைக் கொண்டே அதைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. அம்மைப்பாலின் சரித்திரம் தெரிந்த எவருக்கும் முதலில் தோன்றுவது உயிருள்ள கிருமியின் வலிமையைக் குறைத்துப் பயன்படுத்தும் யோசனைதானே? லெனின்கிராடு நகரில் அனடோலி ஸ்மோரோடின்ட்சேவ் என்ற ருஷ்ய வைத்தியர் 1930-களின் மத்தியிலேயே, இங்கிலாந்தில் கண்டெடுத்த கிருமியை மீண்டும் மீண்டும் மாற்றி வளர்த்துச் சாதுவாக்கி, தாமாக முன்வந்த மனிதர்களுக்குச் சுவாசத்தின் வழியே கொடுத்துப் பார்த்தார். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து வால்டர் அண்ட் எலிஸா ஹால் ஸ்தாபனத்தில், அடைகாத்த கோழி முட்டையின் கருவிலே இந்த வைரஸை வளர்க்கும் கலையைச் செம்மைப்படுத்திய மக்பார்லேன் பர்னெட், இரண்டாவது உலக யுத்தத்தின்போது அப்படி வளர்த்த கிருமியைப் படைவீரர்களின் மூக்கில் தெளித்துப் பரீட்சித்தார். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை; வயது வந்தவர் உடலில் முன்னமே குடியிருந்த பழைய எதிர்ப்பு, சாதுவான அந்தக் கிருமியை வாசற்படியிலேயே மறித்துவிட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஆன் ஆர்பரில் மறுபடியும் வந்து நிற்கப்போகிற தடை இதுவே ஆதலால், வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யுத்தம் அமெரிக்காவை நெருங்கிய அந்நாளில், 1918-இல் துப்பாக்கிக்கு இரையாகாத வீரர்கள் காய்ச்சலுக்கு இரையான கோரத்தை மறவாத சேனாதிகாரிகள், 1941-இல் இன்புளுயென்சாவுக்கென்றே ஒரு கமிஷனை நியமித்தார்கள். அதன் தலைவரான தாமஸ் பிரான்சிஸ் அதே வருஷத்தில் மிச்சிகன் சர்வகலாசாலைக்கு வந்து சேர்ந்தார். அவரிடம் சிஷ்யராக வந்தமர்ந்தவர் ஜோனாஸ் ஸால்க். சேனைக்கு வேண்டியது சந்தேகத்துக்கு இடமில்லாத, யாருக்கும் நோய் உண்டாக்காத மருந்து. ஆகவே இவர்கள் முட்டையில் வளர்த்த வைரஸைப் பார்மலினில் இட்டு உயிர் நீக்கி, கையில் ஊசியாகக் குத்தினார்கள். 1943-ஆம் வருஷக் கடைசியில், சேனைப் பயிற்சியின் பொருட்டுச் சர்வகலாசாலைகளில் தங்கியிருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களில் ஒரு பாதிக்கு மருந்தும், மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் ஊசியும் போடப்பட்டன. சில வாரங்களில் காய்ச்சல் வந்தது. வெறும் ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலும், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவிலுமே நோய் கண்டது. 1945-இல் சேனைக்கும், அதற்கு மறு வருஷம் பொது ஜனங்களுக்கும் இந்த மருந்து அனுமதிக்கப்பட்டது.

ஆனால் 1947-இல் வந்த காய்ச்சல், தடுப்பூசி போட்டுக்கொண்டவரையும் போட்டுக்கொள்ளாதவரையும் ஒரே விதமாக வீழ்த்திற்று. ஆன் ஆர்பரின் மாணவர்களிடையே பிரான்சிஸும் ஸால்க்கும் அதைக் கண்கூடாகக் கண்டார்கள். மருந்து கெட்டுப்போகவில்லை, கிருமிதான் தன் மேற்சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தது. பழைய வேஷத்தை அடையாளம் தெரிந்துவைத்திருந்த ரத்தம் புதிய வேஷத்தை அடையாளம் காணவில்லை. வருஷந்தோறும் மருந்தைப் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் அன்றைக்குத் தொடங்கியது. இன்றைக்கும் அது நம்மை விடவில்லை.

இங்கே அளவுகோலின் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். 1941-இல் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர், இன்புளுயென்சா வைரஸ் கோழியின் செவ்வணுக்களை ஒன்றோடொன்று கோத்துத் திரளச் செய்கிறது என்றும், நோய் கண்டு பிழைத்தவரின் ரத்தநீரைச் சேர்த்தால் அந்தத் திரட்சி தடைப்படுகிறது என்றும் கண்டார். ரத்தநீரை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் தடுக்கும் சக்தி அதில் எஞ்சியிருக்கிறதோ, அத்தனை எதிர்ப்பொருள் அந்த மனிதனிடம் இருக்கிறது என்று எண்ணிக்கையாகவே சொல்லிவிடலாம். எளிய முறை, செலவு குறைவு, எந்தச் சோதனைச்சாலையிலும் செய்யத்தக்கது. 1972-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக்குப் பிறகு, நாற்பது மடங்கு நீர்த்தும் தடுக்கவல்ல ரத்தநீர் உடையவருக்கு நோயிலிருந்து பாதியளவேனும் பாதுகாப்பு உண்டு என்பது தடுப்பூசி உலகில் வேதவாக்குப்போல் ஆயிற்று. உயிர் நீக்கிய மருந்து இந்த அளவுகோலுக்கென்றே பிறந்தது போல் உயர்ந்து நின்றது. அதன் வேலையே ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பெருக்குவதல்லவா?

நாசியின் சாட்சியமோ கேட்பாரற்றுக் கிடந்தது. இதில் மனத்தைத் தொடுகின்ற ஒரு விசேஷம் உண்டு. மனிதனுடைய மூக்கு நீரே இன்புளுயென்சா வைரஸைச் செயலிழக்கச் செய்யவல்லது என்பதை 1940-இல் எழுதி வெளியிட்டவர், கையில் குத்தும் மருந்துக்குப் பிதாவாகப் போகிற அதே தாமஸ் பிரான்சிஸ்! கிருமி நுழையும் வாயிலில் காவல் இருக்கிறது என்று அவர் அறிந்திருந்தார். ஆயினும் அந்தக் காவலை அளப்பது கடினம். மூக்கு நீர் ஒருவருக்குக் கெட்டியாகவும் மற்றொருவருக்கு நீர்த்தும் இருக்கும். காலையில் ஒரு விதம், மாலையில் ஒரு விதம். சளிச்சவ்வு தனக்கென்று ஐ.ஜி.ஏ. என்னும் தனி வகை எதிர்ப்பொருளைச் சுரக்கிறது என்பது 1960-களில்தான் தெளிவாயிற்று. அளக்க எளிதானது எதுவோ அதுவே முக்கியமானது என்று கருதிவிடுவது மனித சுபாவம், சாஸ்திரக்ஞர்களும் மனிதர்களே.

1957-ஆம் வருஷம் மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த பயணிகள் கப்பலொன்றிலிருந்து இன்புளுயென்சாவின் புதிய இனம் ஒன்று நம் நாட்டில் இறங்கியது. ஆசியக் காய்ச்சல் என்று உலகம் அதற்குப் பெயரிட்டது; எச்2என்2 என்பது அதன் சாஸ்திரப் பெயர். கிருமியின் மேற்சட்டை சிறிது மாறியதன்று, முழுவதுமே புதியது. ஆகையால் இளைஞர் எவர் ரத்தத்திலும் அதற்கு எதிர்ப்பு இல்லை. அடுத்த ஒன்பது மாதங்களுக்குள் இந்தியா முழுவதிலும் சர்க்காருக்கு அறிவிக்கப்பட்ட நோயாளிகளின் தொகை நாற்பத்துநான்கு லட்சத்தைத் தாண்டிற்று. நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் ஸ்தாபனத்தில் இருந்த இன்புளுயென்சா மையம் இந்தக் கிருமியை ஆராய்ந்து உலக ஆரோக்கிய ஸ்தாபனத்துக்குத் தகவல் கொடுத்து வந்தது. சென்னையில் இறங்கிய இந்த இனத்தை வாசகர்கள் மறந்துவிடலாகாது. நம் கதையின் முடிவில் அது வேறு கோலம் பூண்டு திரும்பி வரும்.

ஆன் ஆர்பரிலே பிரான்சிஸின் கீழ்ப் பயின்றவர்களில் ஹுனைன் மஸ்ஸாப் என்பவர் ஒருவர். சிரியா தேசத்து டமாஸ்கஸ் நகரில் பிறந்தவர். 1955 ஏப்ரல் 12-இல், ஸால்க் கண்ட போலியோ தடுப்பூசி பலிக்கிறது என்ற செய்தியைப் பிரான்சிஸ் உலகுக்கு அறிவித்ததும் அவ்வூர்ச் சர்வகலாசாலை மண்டபத்தில்தான். உயிர் நீக்கிய மருந்தின் வெற்றி முரசு அவ்வளவு உரக்க ஒலித்த ஊரிலே இருந்துகொண்டு, உயிருள்ள மருந்தை நாடி மஸ்ஸாப் புறப்பட்டார். நம் மூக்கின் உட்புறம் குளிர்ந்தது, சுவாசப்பையோ வெதுவெதுப்பானது. குளிரில் மட்டும் செழிக்கவும் உஷ்ணத்தில் வாடவும் ஒரு கிருமியைப் பழக்கிவிட்டால், அது மூக்கிலே வளர்ந்து உடலுக்குப் பாடம் கற்பிக்குமேயன்றி, சுவாசப்பையில் இறங்கி நோய் விளைக்காது அல்லவா? 1960-இல் அவ்வூரிலேயே எடுக்கப்பட்ட ஆசியக் காய்ச்சல் இனத்துக் கிருமியொன்றை, கோழியின் சிறுநீரகத் திசுக்களில், படிப்படியாக உஷ்ணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் 25 டிகிரி சென்டிகிரேடிலும் நன்கு வளரும்படி பழக்கினார். 1967-இல் அதைப் பிரசுரித்தார். வருஷந்தோறும் மாறிவரும் கிருமியின் இரண்டு மேற்சட்டை ஜீன்களை, குளிருக்குப் பழகிய இந்தக் கிருமியின் ஆறு உள் ஜீன்களோடு சேர்த்துவிட்டால், அந்தந்த வருஷத்துக்கு ஏற்ற சாதுவான மருந்து கிடைக்கும். அந்த யோசனை, மூக்கில் தெளிக்கும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2003-இல். இடையே கழிந்தவை முப்பத்தாறு ஆண்டுகள். லெனின்கிராடிலே அலெக்ஸாண்ட்ரோவா என்ற அம்மையார், ஸ்மோரோடின்ட்சேவோடு சேர்ந்து, 1957-இல் அந்நகரில் கண்டெடுத்த அதே ஆசியக் காய்ச்சல் இனத்தைத் தனியே இதே விதமாகக் குளிருக்குப் பழக்கினார். சமுத்திரங்கள் பிரித்த இரண்டு தேசங்களில் இருவேறு கூட்டத்தார் ஒரே உண்மையைத் தொட்டது, அந்த உண்மையின் பலத்துக்கே அத்தாட்சி.

இனி, இரண்டு மருந்துகளும் உடலுக்குள் செய்யும் காரியம் எப்படி வேறுபடுகிறது என்று பார்ப்போம். புஜத்தில் ஊசியாய் இறங்கும் மருந்து, கிருமியின் புரதங்களை அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டு சேர்க்கிறது. அங்கே விழித்தெழும் அணுக்கள் ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் திரண்டு, எதிர்ப்பொருளை ஏராளமாகச் சுரக்கின்றன. அந்த எதிர்ப்பொருளில் ஒரு பகுதி கசிந்து மூக்குவரையும் சென்று காவல் நிற்பதுண்டு. ஆயினும் உயிரற்ற பொருள் எந்த அணுவுக்குள்ளும் புகுந்து பெருகாதாகையால், கிருமி புகுந்த அணுக்களைத் தேடி அழிக்கும் டி-அணுக்களுக்கு அதனால் கிடைக்கும் பயிற்சி சொற்பம். நாசியில் தெளித்த உயிர்மருந்தோ மூக்கின் அணுக்களில் சிறிது வளர்ந்து, உண்மையான நோய் வந்தாற்போல உடலை நம்பச் செய்கிறது, இன்டர்பெரான் என்னும் அபாய அறிவிப்பு எழுகிறது, ஐ.ஜி.ஏ. வாயிலில் நிற்கிறது, டி-அணுக்களும் பழகுகின்றன, ரத்தத்தில் மட்டும் எதிர்ப்பொருள் அத்தனை ஏறுவதில்லை. ஹர்ஸ்ட் கண்ட அளவுகோலால் அளந்தால் இந்த மருந்து தோற்றதாகவே தோன்றும். 1980-களில் அமெரிக்காவில், தாமாக முன்வந்தவர்களுக்கு இரண்டில் ஒரு மருந்தைக் கொடுத்துப் பின் உண்மையான கிருமியையே மூக்கில் விட்டுப் பரீட்சித்தபோது விஷயம் விளங்கிற்று: ஊசி பெற்றவரை ரத்தத்தின் எதிர்ப்பொருளும் அதிலிருந்து கசிந்து மூக்கில் சேர்ந்ததும் காத்தன, நாசி மருந்து பெற்றவரைக் காத்ததில் மூக்கு தானே சுரந்த ஐ.ஜி.ஏ.வுக்குப் பெரும் பங்கு இருந்தது. கோட்டை ஒன்றே, காவல் முறை வெவ்வேறு. 2011-இல் பாலி புலேந்திரன் முதலானோர் ரத்த அணுக்களின் ஜீன்களையே வரிசையாக எண்ணிப் பார்த்து வெளியிட்ட ஆராய்ச்சியிலும், இரண்டு மருந்துகளும் உடலில் எழுப்பும் அடையாளங்கள் வேறு வேறு என்பது பிரத்தியட்சமாயிற்று.

இவை உடலுக்குள் காண்பவை. நோய் உண்மையில் தடைப்படுகிறதா என்ற கேள்விக்கு ஊர்களும் பள்ளிக்கூடங்களுமே பதில் சொல்ல வேண்டும். ருஷ்யாவின் நோவ்கொரோடு நகரத்துப் பள்ளிகளில் 1989 முதல் 1991 வரை லாரிசா ருடென்கோவும் அமெரிக்க வைத்தியர்களும் சேர்ந்து நடத்திய பரீட்சையில், நாசி மருந்தைப் பல பிள்ளைகள் பெற்ற பள்ளிகளிலே, மருந்து பெறாத பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்குங்கூட நோய் குறைந்தது. 2004-05 பருவத்தில் பல தேசங்களிலிருந்து, ஐந்து வயதுக்கு உட்பட்ட ஏறத்தாழ எண்ணாயிரம் குழந்தைகளைச் சேர்த்து ராபர்ட் பெல்ஷி முதலானோர் நடத்திய பரீட்சையில், ஊசி பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்கும், நாசி மருந்து பெற்றவர்களில் 3.9 பேருக்கும் நோய் கண்டது. பர்னெட் மெல்போர்னில் தோற்றாரே, அந்தத் தோல்விக்கு மறுபுறம் இது: குழந்தையின் மூக்கில் பழைய எதிர்ப்பு இல்லை, சாதுவான கிருமி தடையின்றி உள்ளே வந்து பாடம் சொல்லிவிட்டுப் போகிறது. பெரியவர்களிடம் தீர்ப்பு தலைகீழாயிற்று. ஆன் ஆர்பரின் ஆர்னால்ட் மோன்டோவும் அவருடைய சகாக்களும் 2007-08-இல் மிச்சிகனில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேரிடம் நடத்திய பரீட்சையில், ஊசி நூற்றுக்கு 68 பங்கு நோயைத் தடுத்தது. நாசி மருந்து 36 பங்கே தடுத்தது. மஸ்ஸாப்பின் மருந்துக்கு அவருடைய சொந்தச் சர்வகலாசாலையே இந்தத் தீர்ப்பை எழுதியது. தன் வீட்டுப் பிள்ளை என்று பாராமல் உண்மையைச் சொன்ன அந்த நேர்மையைப் போற்றாமலிருக்க முடியாது.

அதற்குப் பிறகும் வழக்கு ஓயவில்லை. 2009-இல் தோன்றிய எச்1என்1 கிருமியின் மேற்சட்டையைச் சுமந்த நாசி மருந்து, மூக்கில் சரியாக வளரவில்லை. அமெரிக்காவின் ஆலோசனைக் குழுவினர் 2016-17, 2017-18 ஆகிய இரண்டு பருவங்களுக்கு அதை உபயோகிக்க வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். வேறொரு எச்1என்1 கிருமியை அதில் மாற்றி அமைத்த பிறகே 2018-19 பருவத்தில் அது திரும்பியது. 2013 முதல் குழந்தைகளுக்கு நாசி மருந்தைக் கொடுத்துவந்த இங்கிலாந்தோ, தன் நாட்டுப் பலனைப் பார்த்து, அதை நிறுத்தவே இல்லை. உயிருள்ள மருந்தின் பலமும் பலவீனமும் ஒன்றே: அது வளர்ந்தால்தான் பலன். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் சிலருக்கு அதனால் மூச்சிரைப்பு உண்டாகக் கண்டதால் அவர்களுக்கு அது விலக்கப்பட்டது. கர்ப்பிணிகளுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் அது ஆகாது. அவர்களுக்கு உயிர் நீக்கிய ஊசியே துணை.

ஆகவே இந்த இரண்டில் எது பலமுள்ளது என்ற கேள்வியே பொருத்தமற்றது என்பது என் அபிப்பிராயம். யாருக்கு, எந்த வயதில், உடலின் எந்த வாயிலைக் காக்க என்று கேட்டால் மட்டுமே சரியான விடை கிடைக்கிறது. ரத்தம் என்ற ஒரே சாட்சியைக் கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருந்த காலத்தில், நாசியின் சாட்சியம் உண்மையாக இருந்தும் பல்லாண்டுகள் ஏட்டில் ஏறவில்லை. வருங்காலத்தில் புதிய மருந்துகளை மதிப்பிடப்போகிற நம் இளம் ஆராய்ச்சியாளர்கள், அளக்க எளிதானதை மட்டும் அளந்துவிட்டு நின்றுவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: காய்ச்சல் பருவம் வருமுன், உங்கள் வீட்டு முதியவருக்கும் குழந்தைக்கும் எது ஏற்றது என்று வைத்தியரைத் தனித்தனியே கேளுங்கள், ஒருவருக்கு உகந்தது மற்றவருக்கும் உகந்ததாகவே இருக்க வேண்டிய அவசியமில்லை.

2010-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், புனே நகரத்துச் சீரம் ஸ்தாபனம், எச்1என்1 காய்ச்சலுக்கு நாசியில் தெளிக்கும் மருந்தொன்றை வெளியிட்டது. அதன் எட்டு ஜீன்களில் ஆறு, 1957-இல் லெனின்கிராடில் பிடித்துக் குளிருக்குப் பழக்கிய ஆசியக் காய்ச்சல் கிருமியிலிருந்து வந்தவை. சென்னைத் துறைமுகத்தில் நோயாக வந்திறங்கிய இனம், ஐம்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, மருந்தாகி நம் நாட்டுக்குத் திரும்பி வந்தது.